காலை எண்

நீங்கள் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. எது ஆடினாலும் அதிர்ந்தாலும் என் முதுகுக்கு முதலில் தெரிந்துவிடும், தொழில் அப்படி. ஒரு காகிதத்தை நான்காக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தால் நின்றுவிடும். ஆமாம், இது உங்கள் விசாரணை அறிக்கையின் நகல்தான். பரவாயில்லை, நான் முழுக்கப் படித்துவிட்டேன்.

படித்ததால்தான் நானாக வந்திருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் மாப்பிள்ளை என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் அளவீடுகளில் கைவைத்தார் என்றும், அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்று மாலை நீங்கள் மூவரும் கையெழுத்திட்டால் முடிந்தது. அதன் பிறகு எந்த ஆய்வகமும் அவரை வாசலில்கூட நிற்க விடாது. என்னைப் பற்றியும் அதில் ஒரு வரி இருக்கிறது: 'உதவியாளரின் கவனக்குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.' அந்த வரியை மட்டும் திரும்பப் படித்தேன். நான் என்னவாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், கவனக்குறைவாக இருந்ததில்லை.

உங்களில் இருவர் இயற்பியல் படித்தவர்கள். வழக்கறிஞர் அம்மாவுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். மற்ற இருவரும் அதுவரை பிஸ்கட் சாப்பிடலாம்.

ஒரு பெட்டியிலிருந்து காற்றை எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தையும் வெப்பத்தையும் எடுத்துவிடுங்கள். உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் நினைப்போம். ஆனால் ஒரு நடுக்கம் இருக்கும். எல்லா அளவிலும் அலைகள், வருவதும் போவதுமாக. வெற்றிடத்துக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இந்த இடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை நெருக்கமாக வையுங்கள். ஒரு தலைமுடியை நூறாக வகிர்ந்தால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இடைவெளியில். நடுவிலிருக்கும் அந்தச் சந்தில் அடங்குகிற அலைகள் மட்டும்தான் உள்ளே இருக்க முடியும். வெளியே ஒல்லி, குண்டு, எல்லாம் இருக்கும். உள்ளே கூட்டம் குறைவு, வெளியே நெரிசல். அதனால் தகடுகள் ஒன்றையொன்று நோக்கி நகரப் பார்க்கும். இழுப்பதற்கு அங்கே யாரும் இல்லை, ஆனாலும் இழுப்பு இருக்கிறது. இதை உலகத்தில் பலர் அளந்திருக்கிறார்கள். நானும் அளந்திருக்கிறேன்.

தட்டையான தகடு வரைக்கும் கதை எளிது. வளைத்தால் வம்பு. உள்ளே வெறுமையான ஓர் உலோகப் பந்தை எடுத்துக்கொண்டால், அது சுருங்கப் பார்க்காது, உப்பத்தான் பார்க்கும் என்று கணக்கு சொல்கிறது. வளைவு எப்படி, விளிம்பு எங்கே என்று பார்த்த பிறகுதான் வெற்றிடம் இழுப்பதா தள்ளுவதா என்று முடிவுக்கு வருகிறது. முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகு அளந்து பார்க்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத் தலைவரை நாங்கள் பெரியவர் என்போம். அவர் இளம் வயதில் அப்படி ஒரு கணக்குப் போட்டார். தங்கம் பூசிய ஒரு குட்டிக் கிண்ணம், ஆழம் அதிகமில்லாதது. அதன் வாய்க்கு மேலே முட்டை வடிவத்தில், அதுவும் தங்கம் பூசிய ஒரு பொடி மணி, நிமிர்ந்து நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட நெருக்கத்துக்குள் வந்தால் கிண்ணம் அந்த மணியை இழுக்காது, தள்ளும். கணக்கு அவ்வளவுதான். அதை நம்பித்தான் அவர் முடி நரைத்தார். மாநாடுகளில் அவரை முதுகுக்குப் பின்னால் கிண்ணக்காரர் என்பார்கள். ஓரிருவர் முகத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கைகொடுத்துவிட்டு வருவார்.

மாப்பிள்ளை எங்களிடம் ஆய்வு மாணவராக வந்தவர். பல்வலி என்று பெரியவரின் மகளிடம் போனார். அவள் பல் டாக்டர். ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கட்டடம் முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். வயதில் என்னைவிட மிகச் சிறியவர், என்னை அக்கா என்பார். மாமனாரின் கணக்கை அளந்து நிரூபிப்பது அவர் வேலை. அவருக்காக உபகரணங்களைச் சுத்தமாகவும் சமாதானமாகவும் வைத்திருப்பது என் வேலை.

அவர் அளந்தபோதெல்லாம் இழுத்தது. கிண்ணத்தை மாற்றினார், இழுத்தது. மணியை மாற்றினார், இழுத்தது.

"அக்கா, அவங்க வீட்டுல எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்றார் ஒருநாள், மேசைக்கு அடியில் படுத்துத் திருகு முடுக்கிக்கொண்டே. "தட்டு வைக்கறதுக்கு முன்னாடியே 'என்னப்பா, இன்னைக்காவது தள்ளுச்சா'ன்னு கேக்கறார்."

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே."

"பொண்ணு குடுத்தவர் கிட்ட, உங்க கணக்கு தப்புன்னு எப்படிக்கா சொல்றது? குழம்பைக் கொஞ்சம் ஊத்துங்கன்னு பேச்சை மாத்திடறேன். ரெண்டு கிலோ ஏறியாச்சு."

இப்போது காலை எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைக் கவனமாகக் கேளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இரண்டு உலோகப் பரப்புகள் அருகருகே வந்தால், இரண்டுமே தங்கமாக இருந்தாலும், அவற்றுக்கு நடுவே கொஞ்சம் மின்னழுத்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுக்கு, ஈரம், பரப்பின் குணம் என்று ஏதேதோ காரணங்கள். அந்த மின்னழுத்தமும் இழுக்கும். வெற்றிடத்தின் இழுப்பைவிடப் பலமாகவே இழுக்கும். அது நாளுக்கு நாள் மாறுவதால், ஒவ்வொரு நாளும் காலையில் அதை அளக்க வேண்டும். பிற்பகலில் மாப்பிள்ளை மணியைக் கிண்ணத்தின் அருகே கொண்டுபோய் மொத்த விசையை அளப்பார். அதிலிருந்து மின்சாரத்தின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது வெற்றிடத்தின் பங்கு.

அந்தக் காலை எண்ணை எடுப்பவள் நான். அதற்குப் பெரியவர் ஒரு விதி வைத்திருந்தார். காலை எண்ணை எடுப்பவர் கடைசி முடிவைப் பார்க்கக் கூடாது. முடிவைக் கணக்கிடுபவர் காலை எண்ணை எடுக்கும் கருவியைத் தொடக் கூடாது. ஆசை கண்ணை மறைக்கும் என்பது அவர் பயம். தன் ஆசையைப் பற்றி அவருக்கே நன்றாகத் தெரியும். அதனால் என் அறைக்கும் மாப்பிள்ளையின் அறைக்கும் நடுவே கருப்பு ரப்பர் திரை ஒன்று தொங்கியது. என்னுடையது பழைய முள் கருவி, எதையும் தானாகப் பதிந்து வைக்காது. நான் முள்ளைப் பார்த்துச் சொல்வேன்.

"அக்கா, இன்னைக்கு எவ்வளவு?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். நான் எண்ணைச் சொல்வேன். அவர் திரும்பச் சொல்வார். நான் ஆமாம் என்பேன். அவர் கணினியில் தட்டிக்கொள்வார். பிற நாட்டு விருந்தினர்கள் இந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். நேர்மைக்கு இதைவிடப் பெரிய ஏற்பாடு இருக்க முடியாது என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் அப்படித்தான் நினைத்தேன், வெகுகாலம்.

பெரியவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவானது. பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்கள். அந்த வாரம் மாப்பிள்ளை ஒருநாள் காலை எண்ணைக் கேட்கவே மறந்து உட்கார்ந்திருந்தார். நான் ரப்பர் திரையின் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். விசைப்பலகை மேல் நெற்றியை வைத்திருந்தார். கணினியில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை தள்ளிட்டாப் போதும் அக்கா. நான் வேற எதுவும் கேக்கல."

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை முள் எதைக் காட்டியதோ அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒருவரைச் செருப்போடு நிறுத்தி எடை பார்த்துவிட்டு, செருப்பின் எடையைக் கழிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரும்புச் செருப்பு என்று யாராவது சொல்லி, நாமும் நம்பி அவ்வளவையும் கழித்துவிட்டால், ஆள் காற்றில் மிதப்பவராகிவிடுவார். இங்கேயும் அதேதான். மின்சாரத்தின் பங்கை அதிகமாகக் கழித்ததும் இழுப்பு மறைந்து, தள்ளல் வந்து நின்றது.

திரைக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாத ஒரு சத்தம். பெரியவர் அன்று மாலை மருத்துவமனை உடையில் அந்த வரைபடத்தைக் கண்ணாடி இல்லாமலேயே பார்த்துக்கொண்டிருந்தாராம். நிம்மதியாகப் போய் வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

அறுவை நன்றாக முடிந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, அடுத்த இடைவெளியில் எவ்வளவு தள்ளியது என்பதாம். இப்போது நீங்களே சொல்லுங்கள், இதயத்தில் தையல் போட்ட மனிதரிடம் போய், இல்லை சார், அது நான் சொன்ன எண் என்று எப்படிச் சொல்வது? வேறு வழியில்லாமல் தொடர்ந்தேன்.

தொடர்வது அவ்வளவு சுலபமாகவும் இல்லை. இதைத்தான் உங்கள் அறிக்கை கவனக்குறைவு என்கிறது. மின்சாரத்தின் இழுப்பு தூரத்தோடு ஒரு விதமாகக் குறையும், பெரியவரின் தள்ளல் வேறு விதமாகக் குறைய வேண்டும். தினமும் ஒரே அளவு கூட்டிச் சொன்னால் வளைகோடு கோணிக்கொள்ளும், ஒரு மாணவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அன்றன்று எந்த இடைவெளியில் அளக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, அதற்கேற்பக் கூட்ட வேண்டும். "இன்னைக்கு இன்னும் கிட்டப் போறோம் அக்கா" என்று மாப்பிள்ளை சொன்னால், முள்ளைப் பார்ப்பதற்கும் வாயைத் திறப்பதற்கும் இடையில் நான் ஒரு வர்க்கமூலம் எடுத்தாக வேண்டும். மனக்கணக்காக. வரும் வழியில் பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொள்வேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் நான் ஏதோ ஜபம் செய்கிறேன் என்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். சில நாள் வேண்டுமென்றே கொஞ்சம் பிசகிச் சொல்வேன். இயற்கை அவ்வளவு ஒழுங்காக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கட்டுரை வெளியானது. பெரியவரை மாநாடுகளில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முகத்துக்கு முன்னால் கிண்ணக்காரர் என்று சொன்னவர்களில் ஒருவர் எங்கள் ஆய்வகத்துக்கே வந்து, கிண்ணத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். பட்டறையில் எங்களுக்கென்று புதுக் கிண்ணமும் புது மணியும் செய்தார்கள். அவற்றை மெருகேற்றவே ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அப்படியொரு வழவழப்பை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பல் டாக்டர் மதிய நேரத்தில் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். எனக்கும் ஒரு டப்பா இருக்கும். நல்ல பெண். சாப்பிடும்போது யார் வாயையாவது பார்த்துக்கொண்டே இருப்பாள், அதுதான் கொஞ்சம் சங்கடம்.

"அக்கா, தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா?"

"இல்லையே."

"கடிக்கிறீங்க. கடைவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் மழுங்கிப் போச்சு. யார் மேல கோவம்?"

"உன் வீட்டுக்காரர் மேலதான், திருகைத் திறந்து போட்டுட்டுப் போயிடறார்."

எல்லோரும் சிரித்தோம்.

வழக்கறிஞர் அம்மாவும் அதையே கேட்கிறார், யார் மேலாவது கோபம் இருந்ததா என்று. இல்லை. நீங்கள் விசாரிக்கும்போது யாராவது ஒரு பழைய விஷயத்தைச் சொல்லக்கூடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் நான் தனியாக ஓர் அளவீடு செய்தேன். தட்டையான தகடு, ஒரு பந்து, சாதாரண இழுப்பு. அதுவரை யாரும் அவ்வளவு துல்லியமாக அதை அளந்ததில்லை. கணக்குப் போட்ட கோட்டின் மேல் என் புள்ளிகள் பாசி மணி கோத்ததுபோல் உட்கார்ந்திருந்தன. அதைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். வெகு நேரம் பார்த்தார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கும்மா" என்றார். "ஆனா இதுல நீ எங்க இருக்கே? யாரு அளந்தாலும் இதேதானே வரும்."

அன்பாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் தவறும் இல்லை; யார் அளந்தாலும் அதேதான் வர வேண்டும், அதற்குப் பெயர்தான் அறிவியல். கொஞ்ச காலத்தில் ஒரு நிரந்தர வேலை காலியானது, அது மாப்பிள்ளைக்குப் போனது. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஒரு சின்ன விஷயம் மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வரும். கிண்ணத்தின் தள்ளலை யார் அளந்தாலும் வரவில்லை. நான் இருந்தால் மட்டும்தான் வந்தது.

யார் அளந்தாலும் வரவில்லை என்று சொன்னேன். அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவள் கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இருந்த மாணவி. சுருட்டை முடி, எப்போதும் பென்சிலை அதில் செருகியிருப்பாள். அவள் அளந்தால் எப்போதும் இழுத்தது. வீடியோவில் எங்களோடு பேசுவாள். ஒருமுறை பெரியவரையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு என்னிடம் நேராகக் கேட்டாள், உங்கள் காலை எண்ணை யார் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்று. கெட்டிக்காரி. அவ்வளவு கிட்டே வேறு யாரும் வந்ததில்லை.

நான் அவளிடம் பிரியமாகவே பேசினேன். உன் பரப்புகள் சரியாகச் சுத்தமாகவில்லை என்று தோன்றுகிறது, தள்ளல் மிக நுண்ணியது, துளி அழுக்கு இருந்தாலும் மறைந்துவிடும் என்றேன். எப்படித் துடைக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன். அவள் துடைத்தாள். இழுத்தது. மறுபடி துடைத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய வழிகாட்டி, உனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். இப்போது எங்கோ காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறாளாம். அவள் மேசை பளபளவென்று இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவளைப் போல வேறு பலரும் முணுமுணுக்க ஆரம்பித்ததால்தான் வெளியிலிருந்து ஒரு குழு தன் சொந்தக் கருவியோடு வந்து பார்ப்பதாக முடிவானது. அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் எங்கள் கருவிகளில் எல்லாம் பதிவுப்பெட்டி பொருத்தச் சொன்னார்கள். என் முள் கருவியிலும் ஒன்றை மாட்டினார்கள். இனி முள் என்ன காட்டியது என்பது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும்.

அன்று முதல் நான் உண்மையான எண்ணையே சொன்னேன். பயந்து இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவரட்டும் என்றுதான். மாப்பிள்ளை தானாகவே ஒருநாள், தள்ளல் காணாமல் போய்விட்டதே என்று வந்து நிற்பார், நான் ஆறுதல் சொல்வேன் என்று நினைத்திருந்தேன்.

அவர் வேறு கேள்வியோடு வந்தார்.

"அக்கா, அந்தப் பெட்டியை மாட்டினதிலிருந்து காலை எண் குறைஞ்சிருக்கே. பெட்டி கொஞ்சம் மின்சாரத்தைக் குடிக்குதோ?"

நல்ல கேள்வி. ஒரு கருவியை மாட்டுவதாலேயே அளவு குறைவது நடக்கக்கூடியதுதான். எந்தப் பொறுப்பான ஆய்வாளரும் அப்படித்தான் சந்தேகப்படுவார். அவர் என் குரலை வருடக்கணக்கில் கேட்டவர். பெட்டி நேற்று வந்தது. எதை நம்புவார்?

"இருக்கலாம்" என்றேன்.

இருக்கலாம் என்பது பொய்யா என்று வழக்கறிஞர் அம்மாதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். பெட்டி குடிப்பதாக நினைத்ததை ஒவ்வொரு நாளும் எண்ணோடு கூட்டிக்கொண்டார். நான் எவ்வளவு கூட்டி வந்தேனோ, இடைவெளிக்கு இடைவெளி, கிட்டத்தட்ட அதே அளவு. பழைய எண்களைப் பார்த்து அவரே கண்டுபிடித்த அளவு அது. யாரிடமும் சொல்லவில்லை, குறித்தும் வைக்கவில்லை. அதுதான் அவர் செய்த ஒரே தவறு. வந்த குழு பெட்டியிலிருந்த எண்ணையும் அவர் தட்டியிருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. மீதி உங்களுக்குத் தெரியும். கூட்டியதை எடுத்துவிட்டால் தள்ளல் இருக்காது, எனவே எல்லாமே பொய், என்று அறிக்கையில் எழுதிவிட்டீர்கள்.

உங்களில் யாராவது அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? இல்லை என்று தெரியும். அந்தக் குழுவும் பார்க்கவில்லை. திருட்டுப் பொருளை யார் எடை போட்டுப் பார்ப்பார்கள்?

நான் போட்டுப் பார்த்தேன். பெட்டியிலிருந்த உண்மையான எண்களை எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அளந்த மொத்த விசையை எடுத்துக்கொண்டேன். நேர்மையாகக் கழித்தேன். இழுப்பு வரும் என்றுதான் உட்கார்ந்தேன்.

தள்ளியது.

மிகச் சிறிய தள்ளல். நான் செய்து காட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வந்த குழுவின் கருவிக்கெல்லாம் அது தெரியவே தெரியாது. முன்பிருந்த சொரசொரப்பான கிண்ணத்தில் எங்களுக்கும் தெரிந்திருக்காது. அந்தச் சுருட்டை முடிப் பெண்ணுக்கும் அப்படித்தான், எவ்வளவு துடைத்தாலும். புகழ் வந்த பிறகு செய்துகொடுத்த அந்தப் புதுக் கிண்ணத்தின் வழவழப்பில்தான் அது தலைகாட்டியிருக்கிறது. நீங்கள் அறைக்கு முத்திரை வைப்பதற்கு முன்னால், விடுமுறை நாட்களில் நானே வந்து, திரையை விலக்கிவிட்டு, இரண்டு பக்க வேலையையும் செய்து, திரும்பத் திரும்ப அளந்தேன். போகவில்லை. பெரியவரின் கோடு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்தது. அவர் விளிம்பின் பங்கைக் கணக்கிடும்போது ஓர் இடத்தில் அளவை ஊதிவிட்டார் என்று நினைக்கிறேன். திசை சரி, வடிவம் சரி. அவர் போட்ட கணக்கு உண்மை.

வழக்கறிஞர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுதுங்கள், இதுவும் சேர்ந்ததுதான்.

அதை வைத்து என்ன செய்வது என்று யோசித்தேன். வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு முறை பொய்யாகத் தள்ளிய கிண்ணம் இப்போது மெதுவாக நிஜமாகவே தள்ளுகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒருவேளை நம்பினால் அது இன்னும் சங்கடம். நல்ல கிண்ணத்தை வைத்து யார் அளந்தாலும் அதேதான் வரும். நானும் அளந்தேன், இன்னொருவரும் அளப்பார். அவ்வளவு பாடுபட்டு நான் கட்டிய வளைகோடு அதற்கு முன்னால் வந்த ஒரு கேலிச் சித்திரமாகிவிடும்.

நீங்கள் மாப்பிள்ளையின் அறைக்குத்தான் முத்திரை வைத்தீர்கள். கிண்ணமும் மணியும் துடைப்பதற்காக என் அறையில் இருந்தன. இராஜ திராவகம் என்று ஓர் அமிலக் கலவை இருக்கிறது, தங்கத்தைக் கரைப்பது. இரண்டையும் அதில் இறக்கினேன். திரவம் முதலில் மஞ்சளாகி, பிறகு அழகான ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. தங்கம் போனதும் அடியிலிருந்த மெருகும் அரித்துப் போய்விட்டது. விடுமுறை நாட்களில் எடுத்த அளவுகளையும் அழித்துவிட்டேன். இனி அப்படி ஒன்றைச் செய்ய வேண்டுமானால் ஒரு பட்டறையும் ஒரு வருடமும் வேண்டும், அதைவிட முக்கியமாக, இதில் ஏதோ இருக்கிறது என்று நம்புகிற ஒருவர் வேண்டும். அந்த மூன்றாவது பொருள் இந்த அறிக்கைக்குப் பிறகு எங்கும் கிடைக்காது.

ஆகவே என் வாக்குமூலம் இவ்வளவுதான். முதல் தள்ளல் வந்த நாளிலிருந்து பதிவுப்பெட்டி வந்த நாள் வரை எண்களைக் கூட்டிச் சொன்னவள் நான். அந்தப் பெண்ணை ஆராய்ச்சியிலிருந்து போகவைத்தவள் நான். உண்மையைக் கரைத்தவளும் நான். மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியாது. அவரை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள், நல்லவர், சொன்னதைக் கேட்பவர். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் எனக்குப் போதும்.

ஏன் இன்று வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்றுப் பிற்பகல் பெரியவர் என் அறைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தது நேற்றுத்தான். இளைத்திருந்தார், சட்டை தோளிலிருந்து தொங்கியது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார்.

"மாப்பிள்ளை மேல தப்பில்லம்மா" என்றார். "நான்தான் தள்ளுச்சா தள்ளுச்சான்னு கேட்டுக் கேட்டு அவனை இதுல கொண்டுவந்து விட்டுட்டேன். என் கணக்கே தப்பு. வாழ்க்கை முழுக்க ஒரு தப்பைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன். உன்னையும் அதுல இழுத்து வீணாக்கிட்டேன். நீ அன்னைக்கு எவ்வளவு சுத்தமா ஒண்ணைக் கொண்டு வந்து காட்டினே."

நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். கிண்ணம் இருந்த தட்டு காலியாக அவருக்கு எதிரில்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை மன்னிச்சிடும்மா என்றார்.

அந்த வயதில் ஒருவர் வந்து அப்படிக் கேட்கும்போது பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டிருப்பது பெருந்தன்மை ஆகாது. நான் அவரை மன்னித்துவிட்டேன்.